நாலு வீதி தள்ளிப் பள்ளிக்கூடம்... நடந்தால் என்ன?

"தம்பி, இவனுக்குக் காலு தரையிலேயே படறதில்லை. அதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் மருந்து இருக்கா?"

புதுக்கோட்டையில் என் வைத்தியசாலைக்குப் பேரனை அழைத்து வந்த ஓர் அப்பத்தா, மூன்று வருடங்களுக்கு முன்னால் என்னிடம் கேட்ட கேள்வி இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால், இரண்டு மாதமாக அந்தப் பையனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த அம்மா கேட்டுவிட்டார்!

பையனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. "சரியாச் சாப்பிட மாட்டேங்கிறான் டாக்டர். மூணு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்கிப் போறான். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தூங்குறதில்லை. காலையில எழுப்பறதுக்குள்ள எனக்கு உசிரு போயி உசிரு வருது" என்று அவன் அம்மா சொன்னார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். மந்தம் என்று முடிவு செய்து, பசியைத் தூண்ட ஒரு சூரணமும் இரவில் மலத்தை இளக்க ஒரு மருந்தும் கொடுத்தேன். மருந்து கொடுத்தவரை சரியாக இருந்தது. நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி!

அப்பத்தா அப்படிக் கேட்ட பிறகுதான் ஒரு தாளை எடுத்து, பையனின் ஒரு நாளை எழுதச் சொன்னேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டர். பள்ளி வாசலில் இறக்கம். வகுப்பில் பெஞ்ச். மாலையில் மறுபடி ஸ்கூட்டர். டியூஷனில் பாய். வீட்டுக்கு வந்தால் சோபா, கையில் செல்போன். அவன் காலால் நடந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கால் மணி நேரம்கூடத் தேறவில்லை.

"சரிம்மா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?"

"இங்கதான் டாக்டர், நாலு வீதி தள்ளி."

இந்தக் கட்டுரை அந்த நாலு வீதியைப் பற்றியதுதான்.

நடப்பதற்கென்றே வகுத்த ஊர்

எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையின் பழைய நகரம் சதுரங்கப் பலகை மாதிரி. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி என்று நான்கு. அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று வரிசையாக நேர்கோட்டு வீதிகள். மோட்டார் வண்டியே இல்லாத மன்னராட்சிக் காலத்தில், மனிதன் நடக்கவும் மாட்டு வண்டி போகவும் கணக்குப் பார்த்து வகுத்தவை. 1878 முதல் 1894 வரை சமஸ்தான நிர்வாகத்தை நடத்திய திவான் சேஷையா சாஸ்திரி, ஊரின் சாலைகளையும் குளங்களையும் சீராக்கினார். அவர் காலத்தில், 1880-இல் உருவானதுதான் இன்று நாம் மன்னர் கல்லூரி என்று சொல்லும் மகாராஜா கல்லூரி.

கல்லூரியை ஒட்டிய குடியிருப்புக்கு ஒரு தனி லாபம் உண்டு. காலையும் மாலையும் மாணவர்களும் ஆசிரியர்களும் நடந்துபோகிறார்கள். தெருவில் எப்போதும் பெரியவர்களின் கண் இருக்கிறது. பெட்டிக்கடையும் ஜெராக்ஸ் கடையும் டீக்கடையும் திறந்தே இருக்கின்றன. நடந்துபோகும் தூரத்தில் மைதானம், நூலகம், குளக்கரை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலை நகர், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சுற்றிய தெருக்கள் என்று தமிழ்நாட்டில் இப்படிப் பல இடங்கள் இருக்கின்றன. அங்கே வீடு கிடைத்தவர்கள் குழந்தை வளர்ப்பில் பாதி அதிர்ஷ்டசாலிகள். மீதிப் பாதி, அந்தத் தெருவில் குழந்தையை இறக்கிவிடுகிறோமா என்பதில் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோமா? ஆறு வயதுக் குழந்தை நிமிடத்துக்கு 50 மீட்டர் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வீதி என்பது 600 மீட்டர் என்றால் 12 நிமிடம். போக, வர 24 நிமிடம். ஸ்கூட்டரை வெளியே எடுத்து, கிளப்பி, பள்ளி வாசல் நெரிசலில் நின்று, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாளைக்கு உங்கள் கடிகாரத்தில் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது!

நம் வைத்தியம் என்ன சொல்கிறது?

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். அங்கே முதல் வருடமே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று. மனித ஆயுளை மூன்று பங்காக்கினால் முதல் பங்கு வாத காலம். உடம்பில் அசைகிற எல்லாமே வாதத்தின் வேலை. கை கால் அசைவு, மூச்சு, குடலின் அசைவு, மலம் இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குழந்தை ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுவதைப் பார்த்து "குறும்பு" என்கிறோமே, அது அந்த வயதின் இயல்பு. அதைக் கட்டி உட்கார வைத்தால் வயிற்றில்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று, பதினான்கு வேகங்கள். மலம், சிறுநீர், பசி, தாகம், தூக்கம் போன்ற பதினான்கையும் அடக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை விதி. காலை 7.50-க்கு வேன் வந்து ஹாரன் அடிக்கிற வீட்டில், குழந்தை எங்கே நிதானமாகக் கழிவறையில் உட்காரும்? "அப்புறம் போய்க்கலாம் வாடா" என்று இழுத்துக்கொண்டு போகிறோம். பள்ளியில் கூச்சப்பட்டு அடக்குகிறது. அடக்க அடக்க மலம் இறுகுகிறது. இறுகினால் வலிக்கிறது. வலிக்குப் பயந்து மறுபடி அடக்குகிறது. இந்தச் சக்கரத்தை வெறும் மருந்தால் உடைக்க முடியாது என்பதை அந்தப் பையன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

நம் புலவர்களும் குழந்தையின் அசைவைக் கூர்ந்து கவனித்தவர்கள்தான். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் வைத்தார்கள். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி. பதின்மூன்றாம் மாதம் தளிர்நடை போட்டு வரும் வருகை. அதன் பிறகு ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, ஊசல். இன்றைய குழந்தை மருத்துவமும் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டி நடக்கத் தொடங்கும் என்றுதான் சொல்கிறது. கவனித்துப் பாருங்கள், பத்துப் பருவத்தில் ஒன்றில்கூடக் குழந்தை சும்மா உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கவில்லை!

உலகம் என்ன சொல்கிறது?

"இதெல்லாம் பழைய கதை டாக்டர்" என்பவர்களுக்காகப் புதிய கணக்கையும் சொல்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் ஆட்டமும் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு மணிக்கு மேல் வண்டியிலோ நாற்காலியிலோ கட்டி உட்கார வைக்கக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை டி.வி., செல்போன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலுழைப்பு வேண்டும் என்கிறது அதே நிறுவனம்.

கண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை மட்டும் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளிக்கு அழைத்துப் போனார்கள். 2015-இல் வெளியான முடிவு இது: மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள், வெளியே போகாத பிரிவில் 39.5 சதவிகிதம், வெளியே போன பிரிவில் 30.4 சதவிகிதம். 24 நிமிடப் பள்ளி நடையோடு மாலை விளையாட்டும் சேர்ந்தால் அந்த 40 நிமிடம் சுலபமாகக் கிடைத்துவிடும். இதற்கு எந்த லேகியமும் வாங்க வேண்டாம்!

எந்த வயதில் எப்படி?

ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயது வரை: நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டி நல்லது. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளுகிறது. நடுவில் உட்கார வைத்து உருட்டிவிடுகிற பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டு வராது. படியில் உருண்டு விபத்துதான் வரும். கனடா நாட்டில் 2004-இலேயே அந்த வாக்கர்களை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கட்டும். ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாராம்" என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றரை முதல் மூன்று வயது வரை: தெருமுனை வரை போய் வாருங்கள். அவசரப்படாதீர்கள். ஆட்டுக்குட்டியைப் பார்க்கும், சரளைக்கல்லைப் பொறுக்கும், கோலத்தை மிதிக்கும். நூறு மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும். அதுதான் அதன் பாடசாலை. "தூக்கு" என்றால் உடனே தூக்க வேண்டாம். ஒரு திண்ணையில் இரண்டு நிமிடம் உட்கார வைத்து மறுபடி நடக்க வையுங்கள்.

மூன்று முதல் ஐந்து வயது வரை: அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் அங்கன்வாடி, நர்சரிப் பள்ளிக்குக் கையைப் பிடித்து நடத்தியே அழைத்துப் போகலாம். ஒரு வேளை மட்டும் என்று தொடங்குங்கள். இந்த வயதில் புத்தகப் பையே தேவையில்லை. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் அதைத்தான் சொல்கிறது.

ஆறு முதல் ஒன்பது வயது வரை: ஒரு கிலோமீட்டர் வரை தாராளமாக நடக்கலாம். ஆனால் துணையோடுதான். பை, குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ, அவ்வளவுதான்!

பத்து வயதுக்கு மேல்: தெரிந்த பாதையில், தெரிந்த நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே அனுப்பிப் பழக்கலாம். முதல் வாரம் இருபதடி பின்னால் நீங்களும் நடந்து பாருங்கள்.

"நடக்கச் சொல்றது சுலபம் டாக்டர்..."

இதைப் படிக்கும் தாய்மார்கள் இந்நேரம் முணுமுணுத்திருப்பீர்கள். நியாயம்தான். நம் பையன் கதையே மூன்றாம் நாள் நின்றுபோனது. அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டு நாற்சந்தியைக் கடக்கும்போது, செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு பைக் ஒரு சாண் தூரத்தில் உரசிப் போயிருக்கிறது. அம்மாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. "வயித்துக் கோளாறோட இருந்தாலும் பரவாயில்லை டாக்டர், புள்ள முழுசா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அந்தப் பயம் பொய்யில்லையே.

நேர்வீதி ஊரில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன. ஓர் இடத்துக்குப் போக நாலு வழி இருக்கும், அது வசதி. வீதிக்கு வீதி நாற்சந்தி வரும், அது தொல்லை. அதனால் இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் நானே அவர்களோடு நடந்துபோனேன். கடைகள் நிறைந்த ராஜ வீதியை விட்டுவிட்டு உள் வீதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஐம்பது அடி கூடுதல் நடை, ஆனால் பெரிய சந்தி ஒன்றே ஒன்றுதான். அதே வழியில் இன்னும் மூன்று வீட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். நான்கு வீடுகளும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒரு பெரியவர், ஐந்து குழந்தைகள்.

இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விட்ச் என்பவர் 1990-களின் தொடக்கத்தில் இதை "நடக்கும் பள்ளிப் பேருந்து" என்று பெயர் வைத்துப் பரப்பினார். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் தெருவாரியாக வரிசை கட்டி நடந்தே போவது வெகு சாதாரணம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மஞ்சள் தொப்பி, தூரத்திலிருந்தே ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று.

நடக்கும்போது கவனிக்க:

1. நடைபாதை இல்லாத தெருவில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். குழந்தை சுவர்ப் பக்கம், நீங்கள் சாலைப் பக்கம்.

2. விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் நழுவும்.

3. சின்னக் குழந்தைக்கு வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கத் தெரியாது. தூரத்தில் இருந்தால் நின்றிருப்பதாகவே நினைக்கும். "பார்த்துக் கடந்து வா" என்று சொல்லி விடாதீர்கள்.

4. மனிதர்களும் வண்டிகளும் கலந்து போகிற தெருவில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. இதைப் பைக் வைத்திருக்கும் உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையை உரசிப்போகும் பைக் நம் வீட்டிலிருந்தும் கிளம்பலாம்.

5. ஸ்கூட்டரில் போகத்தான் வேண்டும் என்றால், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இது சட்டம்.

நாய், வெயில், மழை

தெருநாய்ப் பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நாயைக் கண்டு ஓடாதே, கல்லை எடுக்காதே, அசையாமல் நில் என்று குழந்தைக்குச் சொல்லி வையுங்கள். மீறிக் கடித்துவிட்டால், பல் பட்டு லேசாகக் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடியுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: வெறிநாய்க்கடிக்கு மூலிகையை நம்பி ஒரு நாள்கூட வீட்டில் உட்காராதீர்கள். நோய் வெளியே தெரிந்தபின் காப்பாற்ற எந்த வைத்தியத்தாலும் அநேகமாக முடியாது.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எங்கள் மாவட்டம் வறண்ட பூமி. போதாததற்கு, 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல் மாவட்டம் முழுக்க எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. நிழல் போனால் நடையும் போகும். வீட்டு வாசலில் ஒரு வேம்போ புங்கனோ வையுங்கள். குழந்தையையே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கோடையில் காலை ஒன்பதுக்குள், மாலை வெயில் தாழ்ந்தபின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடும் நேரம் வெயிலாக இருந்தால் தொப்பி அல்லது குடை, கையில் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் ஐஸ் தண்ணீர் வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் போதும்.

காலில் பின்பட்டை வைத்த செருப்பு வேண்டும். தெருவில் வெறுங்கால் வேண்டாம். கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் உடம்பில் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடை எது, சாலை எது என்று தெரியாத நாளில் நடக்க வேண்டாம். அன்றைக்கு ஆட்டோவில் போனால் தப்பில்லை.

பசித்து வரும் பிள்ளைக்கு...

நடந்து வரும் குழந்தைக்குப் பசிக்கும். அந்த நேரத்தில் பாக்கெட் சிப்ஸைக் கொடுத்தால் எல்லாம் பாழ்! எள்ளுருண்டை, கேழ்வரகு அடை, அவித்த பயறு, வாழைப்பழம் எதுவானாலும் சரி. முழு வேர்க்கடலையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், புரையேறும், பொடித்துக் கொடுங்கள்.

இளைத்த குழந்தைக்குப் பஞ்சமுட்டிக் கஞ்சி நல்லது. பச்சரிசி, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து, சிறுபருப்பு ஐந்தையும் சம அளவில் எடுத்து, சுத்தமான வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, தண்ணீரில் போட்டு நன்றாக வேக வையுங்கள். அந்தக் கஞ்சியோடு வெந்ததையும் மசித்துச் சேர்த்துக் கொடுக்கலாம்.

முதல் இரண்டு வாரம் மாலையில் "கெண்டைக்கால் வலிக்குது" என்று சொல்லும். இரண்டு காலிலும் வலித்து, காலையில் மறைந்துவிட்டால் பயமில்லை. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவிவிடுங்கள். ஆனால் ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டல், நடந்தால் மூச்சு வாங்கி உதடு நீலமாவது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மலச்சிக்கலோடு வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம், எடை குறைவு இருந்தாலும் அப்படியே. நடந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பெண் குழந்தையை அனுப்பலாமா?

அந்தப் பையனுக்கு ஒன்பது வயதில் ஓர் அக்கா உண்டு. "பையனை அனுப்பறேன் டாக்டர். பொண்ணை நடக்க விட மனசு வரலையே" என்றார் அம்மா. அவருக்கு எங்கள் ஊர்க் கதை இரண்டைச் சொன்னேன்.

1886-இல் இந்த ஊரில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அப்பா மகாராஜா கல்லூரியின் முதல்வர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்தார். எதிர்ப்பு பலமாக இருந்ததால் மூடிய வண்டியில் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானவர்.

அடுத்தது நான் கண்ணால் பார்த்தது. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் கல்லூரி மாணவன். லீவுக்கு ஊருக்கு வந்தால், கல் உடைக்கிற பெண்களும் வயலில் வேலை செய்கிற பெண்களும் மைதானத்தில் சைக்கிள் பழகிக்கொண்டிருப்பார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார். முதலில் கேலி பேசியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்து ஓட்டிப் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி நாடு முழுக்கத் தெரிந்த கதை அது.

"ஏம்மா, அப்ப சைக்கிள் பழகினவங்கள்ல உங்க வீட்டுல யாராச்சும் உண்டா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்வதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார்: "நான் பழகுனேன் தம்பி. ரெண்டு தடவை விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டேன். இன்னிக்கும் அந்தத் தழும்பு இருக்கு!"

மருமகள் மாமியாரை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். மறுவாரத்திலிருந்து அக்காவும் வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

ஆனால் ஒன்று. பெண்ணோ ஆணோ, எந்தக் குழந்தைக்கும் சில விஷயங்களைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். வழியில் உதவி கேட்கத் தெரிந்த இரண்டு கடைகளைக் காட்டுங்கள். "யார் கூப்பிட்டாலும், எங்களுக்குத் தெரியாமப் போகக் கூடாது" என்று பழக்குங்கள். அப்பா, அம்மா செல்போன் எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். வீட்டுக்கு வந்து எதைச் சொன்னாலும் திட்டாமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

முதல் மாதம் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் மாதம் ஒன்பது, ஒன்பதரைக்கே தூக்கம் வந்தது. சீக்கிரம் தூங்கியதால் சீக்கிரம் எழுந்தான். எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் கழிவறையில் உட்காருவது என்று பழக்கினோம். மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்தினேன். அதன் பிறகு அந்தத் தொல்லைக்காக அவன் என்னிடம் வரவில்லை.

நடை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கம், தண்ணீர், அவசரமில்லாத காலைப்பொழுது எல்லாம் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டது அந்த நாலு வீதிதான். இப்போது எந்தக் குழந்தை வயிற்றுக் கோளாறோடு வந்தாலும், நாடியைத் தொடுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: "பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறே கண்ணு?"

உங்கள் வீட்டிலும் நாளை திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் முன்னால் எழுப்புங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வேளை என்று தொடங்குங்கள். ஸ்கூட்டர் சாவி ஆணியிலேயே தொங்கட்டும். குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்குங்கள்.

காலு தரையில படட்டும்!